என்ற கையால செஞ்ச லைட்டு

வாங் தம்பி, வாங் வாங். செருப்ப அங்கயே உடுங். நாயப் பாத்துப் பயப்படாதீங், அது கடிக்காது. முன்னயெல்லாம் ஆரு கேட்டத் தொட்டாலும் தெருவே கூடற மாதிரி கொரைக்கும். இப்பக் கொஞ்ச நாளா அதுக்கு என்ன சீக்கோ, கம்முனு படுத்துக்குது.

பத்திரிகைங்களா? தங்கச்சிக்கா? சந்தோசம், சந்தோசம். உங்கப்பன் வரலீங்களா? போய் நான் கேட்டேன்னு சொல்லுங். நாச்சிமுத்துன்னாத் தெரியும். உங்க தோட்டத்துப் போருக்குள்ள கெடக்குதே மோட்டாரு, அது என்ற பட்டறையில செஞ்சதுதான். எறக்குனதோட சரி, இன்னைக்கு வரைக்கும் மேல தூக்குனதில்ல. கேட்டுப் பாருங்.

அட, என்ற கையில குடுக்காதீங் தம்பி! தாம்பாளத்த அந்த டீப்பாய் மேல வெய்யுங். புருசன் பொண்டாட்டியச் சோடியா நிக்க வெச்சுத்தான் பத்திரிகை வெக்கோணும்னு உங்கம்மா சொல்லித்தான உட்டிருப்பாங்க? ஒத்தை ஆளு கையில குடுத்துப்போட்டுப் போனீங்கன்னா நாளைக்கு என்ற ஊட்டுக்காரியே, "என்னைய ஆரு கூப்புட்டா?"ன்னு கேப்பா. சித்தெ இருங், அவ இப்ப வந்துருவா. கோயில் வரைக்கும் போயிருக்கறா. இன்னும் பத்து வூடு பாக்கி இருக்குதுன்னு சொல்லாதீங். கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கறதுன்னா உக்காந்து பேசிப்போட்டுத்தான் போகோணும். போஸ்ட்மேனாட்ட வீசிட்டுப் போறதுக்கா?

இக்கட்டால வாங், வூட்டுக்குப் பின்னால பொடக்காளிப் பக்கம் உக்காரலாம். காத்து நல்லா வரும். இருங், சுவிட்சப் போடறேன்.

எப்பிடி? பாத்தீங்களா?

மொகத்தத் திருப்பாதீங், சித்தெ நேரத்துல கண்ணு பழகிரும். நாலு லைட்டுங். நாலும் நீச்சல்குளத்துத் தண்ணிக்குள்ள. அடியில கெடக்கற ஊசியக் கூட எடுத்துக் குடுக்கலாம். கம்பெனி லைட்டு இதுல பாதி வெளிச்சங்கூட இல்ல. இது நாலும் என்ற கையால செஞ்சது. ஆமாங், பட்டறையில, கடைசல் போட்டு, நானே. தண்ணிகிட்ட மட்டும் போகாதீங், தரை வழுக்கும்.

சத்தமா? அது சும்மா உஸ்ஸுன்னு ஒரு சத்தம். கரண்டு ஓடற எடத்துல சத்தம் இல்லாம இருக்குமா? நீங்க உக்காருங்.

தம்பி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. இந்தத் தண்ணியில என்ற ஊட்டுக்காரி மறுபடியும் எறங்கோணும். அது ஒண்ணுதான் எனக்கு. சாமிகிட்டக் கேக்கறதும் அதுதான். வேற எதுவும் வேண்டாம். லைட்டு எரியுது, தண்ணி நெறையா நிக்குது, தரை கண்ணாடியாட்டத் தெரியுது. ஆனா அவ எறங்க மாட்டேங்கறா. பொம்பளைங்க பிடிவாதம் புடிச்சா அதுக்கு மருந்தே கெடையாதுங். நீங்களே கதையக் கேளுங், கேட்டுப்போட்டு ஞாயத்தச் சொல்லுங்.

மொதல்ல இந்தக் குளமே நான் கேட்டுக் கட்டுனதில்ல. என்ற பையன் திலீபன் அமெரிக்காவுல இருக்கறான், தெரியுமில்ல? அவன்தான் இந்த வூடு கட்டறப்ப, "ப்பா, நீச்சல்குளம் ஒண்ணு போட்டுரலாம், கொழந்தைங்க வந்தா வெளையாடும்"னான். கொழந்தைங்க வந்துச்சுங், வராம இல்ல. ஒருக்கா வந்துச்சு. தண்ணி பச்சையா இருக்குது, தவக்கா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு ஏசி ரூமுக்குள்ள போனதுதான், ஊருக்குப் போறப்பத்தான் வெளிய வந்துச்சு. அதோட குளம் சும்மா கெடந்துச்சு. நான் தெனம் வந்து தண்ணிய எட்டிப் பாத்துட்டுப் போவேன். எனக்கு நீச்சல் தெரியாதுங். தண்ணிய மேல கொண்டாறதுதான் நம்ம தொழிலு. அதுக்குள்ள போய் விழுகறது நம்ம சோலி இல்ல.

ஒரு நாள் பொழுதோட பட்டறையில இருந்து வர்றேன், வூட்டுல ஆளக் காணோம். பின்னால வந்து பாத்தா, அடக் கெரகமே, இவ பழைய சுடிதாரப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ட்டு வர்றா! எனக்குப் பக்குன்னு போச்சு. "ஏய் வசந்தாமணி, உனக்கு நீச்சல் தெரியுமா?"ன்னேன். தலைய மேல தூக்கி, "எங்கூர்க் கெணத்துல கத்துக்கிட்டது"ன்னா. "இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்ல?"ன்னேன். "நீங்க கேக்கவே இல்லியே"ன்னா.

பாருங் எகத்தாளத்த. பொண்ணு பாக்கப் போறப்ப பாடத் தெரியுமான்னு கேப்பாங்க, சமைக்கத் தெரியுமான்னு கேப்பாங்க. நீச்சல் தெரியுமான்னு எவனாச்சும் கேப்பானா?

கெணத்துல நீச்சலடிக்கப் போகக்கூடாதுன்னு கல்யாணமான புதுசுல எங்கம்மா சொன்னாங்களாமா. நானும் பக்கத்துல நின்னு தலையாட்டுனேனாமா. எனக்கு அப்பிடி ஒண்ணும் ஞாபகம் இல்லீங். சொல்லியிருப்பாங்க, அந்தக் காலத்துல ஆரு சொல்லல?

சரி, அது இருக்கட்டும். அன்னையில இருந்து தெனம் பொழுதோட எறங்குவா. வேலையாளுங்க எல்லாம் போனதுக்கப்பறம். வெளிய லைட்டெல்லாம் அமத்திப்போட்டு, தண்ணிக்குள்ள லைட்ட மட்டும் போட்டுக்குவா. ஏன்னா ஒருக்கா தண்ணிப் பாம்பு ஒண்ணு வந்துருச்சு. அடி தெரிஞ்சாத்தான் எறங்குவேன்னு சொல்லிட்டா. முட்டிவலின்னு ராத்திரியெல்லாம் தைலம் தேச்சுட்டுக் கெடந்தவ, தண்ணியில எறங்க ஆரம்பிச்சதுல இருந்து தைல பாட்டில மூடி வெச்சுட்டா. ஏறி வர்றப்ப அவ மொகம் நொம்ப நல்லா இருக்கும் தம்பி. எனக்கே ஒரு மாதிரி சந்தோசமா இருக்கும். நான் இதே சேர்ல உக்காந்து டீயக் குடிச்சுட்டு, பட்டறைச் சங்கதியெல்லாம் அவகிட்டச் சொல்லுவேன். இன்னைக்கு எந்த மோட்டாரு வந்துச்சு, எவன் வைண்டிங் கம்பியத் தப்பாச் சுத்தியிருந்தான், நான் அதை எப்பிடிக் கண்டுபுடிச்சேன், எல்லாம். நான் பேசப் பேச அவ முங்கிருவா. எந்திரிச்சு வர்ற வரைக்கும் இருந்து, மறுபடி உட்ட எடத்துல இருந்து ஆரம்பிப்பேன். அந்த மாதிரி ஒரு ஒத்துமை எங்களுக்குள்ள.

இப்பிடி இருக்கையிலதான் அந்தப் பக்கத்து லைட்டு மினுக்கு மினுக்குன்னுச்சு. அடுத்த வாரம் ரெண்டாவது. நாலும் ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்சாப்புல ஒவ்வொண்ணா அவிஞ்சு போச்சு.

வசந்தாமணி பையனுக்குப் போன் போட்டுட்டா. எங்கிட்டச் சொல்லாம! வூட்டுக்குள்ள மோட்டார் கம்பெனிய வெச்சுக்கிட்டு அமெரிக்காவுக்குப் போன்! அவன் எங்கிட்டப் பேசறான்: "ப்பா, ஒண்ணும் பண்ண வேண்டாம். லைட்டுக்குப் பின்னால வயரச் சுத்தி வெச்சிருப்பாங்க. மேல இருக்கற ஒரே ஒரு ஸ்க்ரூவக் கழட்டி லைட்ட அப்பிடியே கரைக்கு எடுத்துரலாம். தண்ணிய எறைக்க வேண்டியதில்ல. மொதல்ல வயர் ஜாயிண்ட்டப் பாருங்க, அதுலதான் கோளாறு இருக்கும். இல்லாட்டி லைட்டு போட்டவங்களையே கூப்புடுங்க"ன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங் கோவம். எனக்கு ஜாயிண்ட்டு சொல்லித் தர்றான்! ஆயிரம் அடி போருக்குள்ள, இருட்டுக்குள்ள, தண்ணிக்குள்ள ஜாயிண்ட்டு போட்டு எறக்கறவன் நானு. அவன் மௌஸப் புடிச்சவன். "நீ உன்ற சோலியப் பாரு, இடுப்பளவு தண்ணி லைட்டெல்லாம் எங்கிட்ட ஒரு லைட்டா?"ன்னு வெச்சுட்டேன்.

மொதல் வேலையாத் தண்ணிய எறைச்சேன். ஏன்னு கேளுங். ஒரு வேலைன்னா ஆளு உள்ள நின்னு கண்ணால பாத்துச் செய்யோணும், மேல இருந்து கைய உட்டுத் துழாவறதெல்லாம் வேலையா? அதுபோக, என்ற மோட்டாரு ஒண்ணு புதுசாச் செஞ்சது சும்மா கெடந்துச்சு. அதையும் ஓட்டிப் பாத்த மாதிரி ஆச்சு. அடடா, அது எறைச்ச எறைப்பு இருக்குதே! மத்தியானச் சோத்துக்குள்ள குளம் காலி. தண்ணி ரோட்டுல ஆறாட்ட ஓடுது. நல்ல கோடை அது. ரோட்டுல பொம்பளைங்க கொடத்த வெச்சுட்டு லாரித் தண்ணிக்கு நின்னுட்டு இருக்கறாங்க. அத்தன பேரும் என்ற மோட்டாரோட வேகத்தப் பாத்து வாயடச்சுப் போய் நின்னாங்க.

வசந்தாமணி மட்டும் வெறுங்குளத்த எட்டிப் பாத்துப்போட்டு, "மறுபடி எப்ப நெறையும்?"னு கேட்டா. அவ்வளவுதான். நான் எறைக்கற வேகத்துக்குப் போரு ஊறுமா? போருல தண்ணி கீழ போயிருச்சு. குளம் காலியாவே கெடந்துச்சு. வெயில் ஏற ஏற அடியில பதிச்ச டைல்ஸெல்லாம் பொறியாட்டப் படபடன்னு எந்திரிச்சுக்கிச்சு. அதையும் பெயர்த்து ஒட்டுனோம். நல்ல வேளைங், அப்பவே தெரிஞ்சுது. இல்லாட்டி மட்டமான ஒட்டு வேலைன்னு கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

லைட்டக் கழட்டிப் பட்டறைக்குக் கொண்டு போனேன். பிரிக்கவே முடியலைங்! ஒரு போல்ட்டு இல்ல, ஒரு மூடி இல்ல. உள்ளார பூராப் பசையா ஊத்தி அடச்சு வெச்சிருக்கறான். ஒரு மனுசன் ஒரு சாமான் செஞ்சா, இன்னொரு மனுசன் பிரிச்சுப் பாக்கற மாதிரி செய்யோணுமா இல்லியா? அது என்ன கருமம், நம்பிக்கை இல்லாத பொழப்பு! தூக்கி லேத்துல மாட்டி ரெண்டாப் பொளந்தேன். உள்ள பாத்தா ஒண்ணுமே இல்லைங். சின்னச் சின்னதா மஞ்சப் பொட்டு வெச்சாப்புல பல்பு. இதுக்கா இத்தன பசைன்னு சிரிச்சுட்டேன். நாலையும் பொளந்துட்டேன், எல்லாத்துலயும் அதே சங்கதிதான்.

இப்பத்தான் தம்பி மூளைய உபயோகிச்சேன். நம்ம மோட்டாரு போருக்குள்ள எப்பிடி ஓடுது? வைண்டிங்குக்குள்ள நாமளே நல்ல தண்ணிய நெறப்பித்தான எறக்கறோம்? உள்ளயும் தண்ணி, வெளியவும் தண்ணி. உள்ள தண்ணி இருக்கறப்ப வெளித் தண்ணிக்கு உள்ள என்ன வேலை? இந்த அறிவு லைட்டுக் கம்பெனிக்காரனுக்கு இல்ல பாருங்! தண்ணி உள்ள வரக்கூடாது, வரக்கூடாதுன்னு பயந்து பயந்து பசைய ஊத்தறான். நான் பித்தளையில புதுசா உடம்பு கடைஞ்சேன், முன்னால கெட்டிக் கண்ணாடி, உள்ள புது பல்பு, நல்ல தண்ணிய நெறப்பி மூடுனேன். மோட்டாருக்கு ஊத்தற அதே தண்ணி. குளத்தையும் டேங்கர் சொல்லி நெறப்பியாச்சு. நாலையும் மாட்டி, வசந்தாமணியக் கூப்புட்டு நிக்க வெச்சு, சுவிட்சப் போட்டேன்.

பட்டுன்னு ஒரே சத்தம். வூடே இருட்டாப் போச்சு. பக்கத்து வூட்டு டிவியும் நின்னுபோச்சு.

சிரிக்காதீங். புதுசா ஒண்ணு செஞ்சா மொதல் தரத்துலயே வந்துருமா?

பையனுக்கு எப்பிடியோ சங்கதி போயிருச்சு. புது லைட்டு ஒரு பொட்டி அனுப்பி, மாட்டறதுக்கு ஆளையும் அனுப்பி உட்டான். நான் கேட்டுலயே நிறுத்தி, "பொட்டிய வெச்சுட்டுப் போப்பா, நானே மாட்டிக்கறேன்"னு அனுப்பிட்டேன். பொட்டி அந்தா, அந்த அலமாரி மேல பிரிக்காமக் கெடக்குது பாருங். வசந்தாமணி தெனம் ஒருக்கா கேட்டா: "ஏனுங், அந்தப் பொட்டிய மாட்டிரலாமில்ல?" நான் சொன்னேன், "அதை மாட்டறதுக்கு எவன் வேண்ணாலும் போதும். உனக்கு உன்ற புருசன் செய்யறான். எத்தன பொம்பளைக்கு இது கெடைக்கும்?" அவ பொட்டி மேல இருந்த தூசியத் தட்டிட்டு உள்ள போய்ட்டா. சந்தோசத்துல பேச்சு வரலைன்னு நெனைக்கறேன்.

இந்த வாட்டி உள்ள தண்ணி இல்ல. ரப்பர் வளையம், எம்சீல் பசை, எல்லாம் போட்டு மூடியாச்சு. அப்பறம் லைட்டுக்குக் கரண்டக் கொறைச்சுக் குடுக்கற அந்த டிரான்ஸ்பார்மரு. அதுதான் அசல் கோளாறுன்னு எனக்குப் பட்டுச்சு. கம்பெனிக்காரன் டிரான்ஸ்பார்மரப் பிரிச்சுப் பாத்தா, செம்புக் கம்பிக் காயிலு ரெண்டு தனித்தனியா வெச்சிருக்கறான். வூட்டுக் கரண்டுக்கு ஒண்ணு, லைட்டுக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல தொடுப்பே கெடையாது. செம்பு வெல விக்கற வெலைக்கு எதுக்குங் ரெண்டு? நம்ம மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஒரே காயில்தான். நடுவுல ஒரு வயர இழுத்தா வேணுங்கற கரண்டு வந்துட்டுப் போகுது. இந்த ஊரு பூரா அப்பிடித்தான் ஓடுது. நானே உக்காந்து ஒரே காயிலாச் சுத்துனேன். கரண்டக் கொஞ்சம் எச்சாவே வெச்சேன், வெளிச்சம் வேணுமில்ல?

பையன் போன்ல கத்தறான்: "ப்பா! அது ரெண்டும் தனித்தனியா இருக்கறதே தண்ணியில இருக்கற ஆளு சாகாம இருக்கறதுக்குத்தான்! தொடுப்பு இருந்தா வூட்டுக் கரண்டு நேராத் தண்ணிக்கு வந்துரும்!" எப்பப் பாரு சாவு, சாவு. நல்ல வார்த்தை வராது. "உங்கூர்ல எல்லாத்துக்கும் பயம்டா"ன்னேன். அவன் அவங்கம்மாகிட்டப் போனக் குடுக்கச் சொன்னான். நான் டவர் இல்லைன்னு சொல்லிட்டேன்.

மாட்டுனனுங். மெயின் போர்டுல, கரண்டு எங்கயாச்சும் கசிஞ்சா நிறுத்தற ட்ரிப்பரு ஒண்ணு இருக்குதில்ல, அது ஒரு தொல்லை. லைட்டப் போட்டாக் கீழ உழும். மேல தூக்குனா மறுபடி உழும். சும்மாச் சும்மா உழுந்தா மனுசன் எத்தன வாட்டிதான் தூக்கறது? அதைச் சுத்தி நேரா ஒரு வயரக் குடுத்துட்டேன். அதுக்கப்பறம் பாருங், ஒரு தொந்தரவும் இல்ல. அன்னைக்கு எரிஞ்ச லைட்டு, இன்னைக்கு வரைக்கும் எரியுது. பாருங் வெளிச்சத்த!

அன்னைக்குப் பொழுதோட வசந்தாமணி துண்டோட வந்து நின்னா. எத்தனையோ மாசம் கழிச்சு! அதே சுடிதாரு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுங். கட்டுன நாள்ல இருந்து நான் அவளுக்குன்னு என்ற கையால ஒரு சாமான் செஞ்சதில்ல. ஊருக்கெல்லாம் செஞ்சேன், அவளுக்குச் செஞ்சதில்ல. அதனால நானும் சட்டை மாத்திட்டு நின்னேன், சாமி கும்புடப் போற மாதிரி.

அந்த நேரம் பாத்து இந்த நாயி. எப்பவும் படியோரம் வந்து தண்ணி குடிக்கும். அன்னைக்கும் வந்து நாக்க வெச்சுது. வெச்சதுதான் தாமசம், வீல்னு ஒரு கத்துக் கத்திட்டு மூணு குட்டிக்கரணம் போட்டு வேலியோரம் போய் உழுந்துச்சு. மூச்சு வாங்குது, காலு வெட்டி வெட்டி இழுக்குது. அதுக்குக் குளோரின் ஆகாதுங். அன்னைக்குக் கொஞ்சம் எச்சாப் போட்டிருந்தேன்.

வசந்தாமணி நாயப் பாத்தா. லைட்டப் பாத்தா. அப்பறம் எம்பக்கம் திரும்பி, "ஏனுங், நீங்க மொதல்ல எறங்குங்"ன்னா.

"எனக்கு நீச்சல் தெரியாதே"ன்னேன்.

"படியில நில்லுங், போதும். முட்டியளவுதான்."

"எனக்குச் சளி புடிச்சிருக்குது"ன்னேன்.

"சுடுதண்ணி வெச்சுத் தர்றேன். காலை மட்டும் வெய்யுங்"ன்னா.

நீங்களே சொல்லுங் தம்பி, நான் எதுக்கு எறங்கோணும்? நீச்சலடிக்கறது அவளா, நானா? மோட்டாரு செஞ்சவனெல்லாம் போருக்குள்ள குதிச்சுக் காட்டறானா? நான் நின்ன எடத்துலயே நின்னேன். பயமெல்லாம் இல்ல. வேட்டி புதுசு.

அவ ஒண்ணும் திட்டலைங். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். சித்தெ நேரம் என்னையவே பாத்தா. அப்பறம் துண்ட ஒழுங்கா மடிச்சு, தோளுல போட்டுட்டு, நாயத் தூக்கிட்டு உள்ள போய்ட்டா. அதுக்குத் தண்ணி காட்டி, ராவெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருந்தா. எனக்குச் சோறு போட்டா, போடாம இல்ல.

மறுநாள் வெயிலோட, மத்தியானத்துக்கு மேல, துண்ட எடுத்துட்டுக் கெளம்பறா. எங்கன்னு கேட்டேன். "தெய்வானை தோட்டத்துக் கெணத்துக்கு"ன்னா. தெய்வானை இங்க பக்கத்துத் தோட்டக்காரி.

ஆமாங் தம்பி. கோயிலுக்கில்ல. ஆரம்பத்துல சும்மா சொன்னேன், வந்த ஆளுகிட்ட என்னன்னு சொல்றது? தெனம் கெணத்துக்குத்தான் போறா. பட்டப்பகல்ல! வேலையாளுங்க பாக்க, வீதி பாக்க, ஈரத் தலையோட முன்கேட்டுல வர்றா. "ஊரு என்ன சொல்லும்?"னு கேட்டேன். "இன்னும் ஒண்ணும் சொல்லல, சொன்னா உங்களுக்கும் சொல்றேன்"னா. இருட்டுனாத்தான் எறங்குவேன், அடி தெரிஞ்சாத்தான் எறங்குவேன்னு எங்கிட்டச் சொன்ன பொம்பள! அந்தக் கெணத்துல அடி தெரியுமா? கருகருன்னு கெடக்கும்.

போன வாரம் நானும் பின்னாலயே போனேன். வேவு பாக்கலைங். தெய்வானை மோட்டாரும் நம்முளதுதான், சத்தம் எப்பிடி இருக்குதுன்னு பாக்கலாம்னு. மோட்டார் ரூமுக்குப் பின்னால நின்னேன். நாலஞ்சு பொம்பளைங்க இருந்தாங்க. இவ கெணத்து மேட்டுல ஏறி, மூக்கப் புடிச்சுட்டு, தொபீர்னு குதிக்கறா தம்பி. எனக்கு உசுரே போயிருச்சு. தண்ணி கரை வரைக்கும் தெறிக்குது. கெணத்துக்குள்ள இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சு பாருங். அது ஆரு சிரிப்புன்னு எனக்குத் தெரியலைங். எட்டிப் பாத்துத்தான் அவதான்னு தெரிஞ்சுக்கிட்டேன். இத்தன வருசத்துல அந்தச் சிரிப்ப நான் ஒருக்காக்கூடக் கேட்டதில்ல.

தெய்வானை கேக்கறா, "ஏனக்கா, உங்கூட்டுலயே கண்ணாடியாட்டக் குளம் கட்டி வெச்சுட்டு, இந்தக் கல்லுலயும் முள்ளுலயும் வர்றீங்?"

இவ சொல்றா, "அதுல அவரு லைட்டு இருக்குது அம்மணி, எனக்கு எடமில்ல."

எல்லாரும் சிரிச்சாளுங்க. நான் அப்பிடியே திரும்பி வந்துட்டேன். வர்ற வழியில அழுகாச்சி வந்துருச்சுங், உங்ககிட்ட என்ன பொய் சொல்றது. இந்தச் சேர்ல உக்காந்து லைட்டப் போட்டு உட்டுட்டுத் தண்ணியவே பாத்துட்டு இருந்தேன். பட்டறைச் சங்கதி சொல்றதுக்குக்கூட ஆளில்ல. முங்கறதுக்காச்சும் ஒரு ஆளு வேணுமில்ல?

ஓசன பண்ணிப் பாத்ததுல எனக்கு ஒண்ணு தோணுதுங். அவ கண்ணால பாக்கல. அதுதான் கோளாறு. ஒரே ஒருக்கா இந்தத் தண்ணியில ஒரு ஆளு நல்லா நிக்கறத அவ பாத்துட்டான்னு வெய்யுங், சரியாப் போயிரும். பொட்டியப் பிரிக்க வேண்டியதில்ல, ஒண்ணும் வேண்டியதில்ல. அவளே துண்ட எடுத்துட்டு வந்துருவா.

கேட்டுச் சத்தம் கேக்குதுங்களா? அவதான். அதுக்குள்ள ஒண்ணு செய்யுங் தம்பி. உங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல? தெரியாட்டியும் பரவால்ல. பேண்ட்டச் சுருட்டிட்டு அந்தப் படியில சும்மா நில்லுங். முட்டியளவுதான். அவ உள்ள வர்றப்ப, "தண்ணி நல்லாருக்குதுங் அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங், போதும். அப்பறம் சோடியா நின்னு பத்திரிகைய வாங்கிக்கறோம்.

நானா? எனக்குச் சளிங். அதுதான் சொன்னனே.

என்னங் தம்பி, எந்திரிச்சுட்டீங்? எதுக்கு அப்பிடிப் பாக்கறீங்? அன்னைக்கு அவளும் இப்பிடியேதானுங் பாத்தா.